துணையலகு வளைவரை சூழும் பரப்பைக் கணக்கிடுவது எப்படி

ஒரு புள்ளியின் ஆயங்களான எக்ஸும் ஒய்யும் ஒன்றையொன்று நேராகச் சார்ந்திருக்காமல், இரண்டுமே டி என்ற மூன்றாவது மாறியை, அதாவது துணையலகைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. டி நகர நகர, புள்ளி ஒரு வளைவரையை வரைந்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. உள்ளே அகப்பட்ட பரப்பு எவ்வளவு? கேள்வி இவ்வளவுதான். இதைப் பார்த்ததும் பலரும் முதலில் செய்வது டியை நீக்கிவிட்டு ஒய்யை எக்ஸின் சார்பாக எழுத முயல்வது. பள்ளியில் பரப்பு என்றாலே அப்படித்தான் பழகியிருக்கிறோம், அதனால் கை தானாக அங்கே போகும். நீள்வட்டத்துக்கு அது செல்லும், சைக்ளாய்டுக்கு (உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைவு) செல்லாது. அதில் ஒய்யை எக்ஸ் வழியாகச் சாதாரணச் சார்புகளால் எழுதவே முடியாது. எனவே டியை நீக்காதீர்கள். டி இருப்பது நமக்கு வசதிதான், புள்ளி எந்தத் திசையில் ஓடுகிறது என்ற தகவலை அது மட்டும்தான் வைத்திருக்கிறது.

குறியீட்டைப் பற்றி ஒரு வரி. எக்ஸ்′ என்று மேலே கோடு போட்டால் டியைப் பொறுத்த வகைக்கெழு, ஒய்′ என்றாலும் அப்படியே. தொகையீட்டுக் குறிக்குப் பின்னால் வர வேண்டிய 'டியின் சிறு மாற்றம்' என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன், நீங்கள் தாளில் எழுதும்போது விடாதீர்கள். கோணங்கள் எல்லாம் ரேடியனில். கால்குலேட்டர் டிகிரியில் இருந்தால் கீழே உள்ள எந்த விடையும் வராது.

சரி, சூத்திரம்:

பரப்பு = ½ ∫ (எக்ஸ்·ஒய்′ − ஒய்·எக்ஸ்′)

எல்லை என்பது புள்ளி ஒரு முழுச் சுற்றைச் சரியாக ஒரே ஒரு முறை முடிக்கும் டி இடைவெளி. இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் பாதி தீர்ந்துவிடும், அதனால் மனப்பாடம் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள். ஆதிப்புள்ளியிலிருந்து நகரும் புள்ளிவரை ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். புள்ளி கொஞ்சம் நகரும்போது அந்தக் கோடு, பேருந்தின் முன்கண்ணாடித் துடைப்பான் போல, ஒரு ஒல்லியான முக்கோணத்தைத் துடைத்துவிட்டுப் போகிறது. ஒரு முனை ஆதியில் இருக்கும் முக்கோணத்தின் பரப்பு பத்தாம் வகுப்பில் போட்டதுதான், குறுக்காகப் பெருக்கி, கழித்து, பாதியாக்குவது. இரண்டாவது முனை (எக்ஸ், ஒய்), மூன்றாவது முனை அதிலிருந்து எக்ஸ்′, ஒய்′ திசையில் சிறிது தள்ளி. குறுக்கே பெருக்கிக் கழித்தால் எக்ஸ்·ஒய்′ − ஒய்·எக்ஸ்′ தான் மிஞ்சும், பாதியாக்கினால் முக்கோணம், எல்லா முக்கோணங்களையும் கூட்டினால் மேலே உள்ள தொகையீடு.

ஆதிப்புள்ளி வளைவரைக்கு வெளியே இருந்தால் என்ன ஆகும் என்று சந்தேகம் வர வேண்டும். ஒன்றும் ஆகாது. தூரத்துப் பக்கத்தில் போகும்போது கோடு பெரிய பரப்பைக் கூட்டுகிறது, கிட்டத்துப் பக்கத்தில் திரும்பி வரும்போது எதிர்த்திசையில் துடைப்பதால் தேவையில்லாததைக் கழித்துவிடுகிறது, உள்ளே இருப்பது மட்டும் மிச்சம். கூட்டலும் கழித்தலும் தானாக நடக்கின்றன, அதனால்தான் தொகையிடும் கோவைக்குள் எங்கேயும் மட்டுக்குறி போடக் கூடாது. குறை வருகிறதே என்று பயந்து உள்ளே மட்டுக்குறி போட்டால் கழிய வேண்டியதும் கூடிவிடும், பிறகு விடையைக் காப்பாற்ற வழியில்லை.

குறியைப் பொறுத்தவரை, புள்ளி இடஞ்சுழியாக, அதாவது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால் மிகை விடை, வலஞ்சுழியாகச் சுற்றினால் அதே எண் குறையாக வரும். தன்னைத்தானே வெட்டாத வளைவரை என்றால் கடைசியில் குறியை நீக்கிவிடலாம், தவறில்லை. வெட்டும் வளைவரை என்றால் அந்தக் குறி ஒரு செய்தி சொல்கிறது, அதைக் கீழே பார்க்கலாம்.

இதே பரப்பை ∫ எக்ஸ்·ஒய்′ என்றும், −∫ ஒய்·எக்ஸ்′ என்றும் எழுதலாம், பாடநூல்களில் மூன்றும் கலந்து வரும். மூன்றும் சமம் என்பதற்குக் காரணம் எளியது: எக்ஸ்·ஒய்′ + ஒய்·எக்ஸ்′ என்பது எக்ஸ்·ஒய் என்ற பெருக்கலின் வகைக்கெழு, புள்ளி புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டால் அந்தப் பெருக்கலின் மொத்த மாற்றம் 0. ஆக ∫ எக்ஸ்·ஒய்′ என்பது ∫ ஒய்·எக்ஸ்′ என்பதன் எதிர்மறை; ½ உள்ள முதல் சூத்திரம் (இனி பாதி வடிவம்) ∫ எக்ஸ்·ஒய்′, −∫ ஒய்·எக்ஸ்′ இரண்டின் சராசரி. ஆனால் இந்த வாதம் வளைவரை மூடியிருந்தால் மட்டுமே நிற்கும். மூடாத வளைவரையில் மூன்றும் மூன்று வேறு பரப்புகளைத் தரும்: ஒன்று ஒய் அச்சுவரையிலான பரப்பு, ஒன்று எக்ஸ் அச்சுவரையிலானது, மற்றது ஆதிப்புள்ளியிலிருந்து துடைத்தது. எதைத் தேர்வது என்று கேட்டால், என் பழக்கம் இது: சைன், காஸ் வந்தால் பாதி வடிவம், ஏனென்றால் வர்க்கங்கள் சேர்ந்து 1 ஆகிப் பெரும்பாலும் கோவை சுருங்கிவிடும். பல்லுறுப்புக்கோவை வந்தால் மற்ற இரண்டில் எது சின்னதோ அது.

தொகையிடத் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். டிக்கு ஐந்தாறு மதிப்புகள், அவற்றுக்கு எக்ஸ், ஒய், பக்கத்தில் ஒரு கிறுக்கல் படம். வளைவரை மூடுகிறதா, எத்தனை முறை சுற்றுகிறது, எங்காவது தன்னையே வெட்டுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற நான்கும் அதிலேயே தெரிந்துவிடும். இந்தக் கணக்குகளில் தவறான விடை வருவது பெரும்பாலும் தொகையீட்டால் அல்ல, எல்லையைத் தவறாக வைத்ததால்தான். தொகையீடு கடினமென்றால் அதை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிடலாம், எல்லையை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீள்வட்டத்தில் தொடங்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும். எக்ஸ் = 3 காஸ் டி, ஒய் = 2 சைன் டி, டி 0 முதல் 2π வரை. எக்ஸ்·ஒய்′ = 6 காஸ்² டி. ஒய்·எக்ஸ்′ = −6 சைன்² டி. கழித்தால் வெறும் 6. பாதி 3, அதை 2π ஆல் பெருக்கினால் 6π. அரையச்சுகளின் பெருக்கல் தடவை π என்ற தெரிந்த விடைதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நன்றாகக் கணக்குப் போடுபவர்களும் விழுகிற பொறி. டியைப் பார்த்தால் கோணம் மாதிரி இருக்கும். உடனே கோண-தூர ஆயங்களின் சூத்திரமான 'தூரத்தின் வர்க்கத்தில் பாதியைத் தொகையிடு' என்பதை எடுத்துப் போட்டுவிடத் தோன்றும். போட்டுப் பாருங்கள்: தூரத்தின் வர்க்கம் 9 காஸ்² டி + 4 சைன்² டி, தொகையிட்டுப் பாதியாக்கினால் 6.5π. தவறு. டி 45 டிகிரியாக இருக்கும்போது புள்ளி உண்மையில் எக்ஸ் அச்சோடு ஆக்கும் கோணம் சுமார் 33.7 டிகிரி. டி என்பது துணையலகு மட்டுமே, புள்ளியின் கோணம் அல்ல. வட்டத்தில் இரண்டும் ஒன்றாக இருந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். எக்ஸ்·ஒய்′ − ஒய்·எக்ஸ்′ வடிவத்துக்கு டி என்னவாக இருந்தாலும் கவலையில்லை, கோணமோ, நேரமோ, எதுவானாலும் சரி.

அடுத்தது சைக்ளாய்டு. தரையில் உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய ஒரு புள்ளி காற்றில் வரையும் வளைவு. இந்தப் பெயரை வைத்தவர் கலிலியோ. பரப்பைக் கண்டுபிடிக்க அவர் தகட்டில் சக்கரத்தையும் வளைவையும் வெட்டி எடுத்து எடை போட்டுப் பார்த்தார், வளைவு சக்கரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று வந்தது. சரியாக மூன்று மடங்குதான் என்று பிரான்ஸில் ரோபர்வால் 1634 வாக்கில் நிறுவினார், ஆனால் அச்சில் வெளியிடவில்லை. இத்தாலியில் டோரிசெல்லி 1644இல் தன் நிறுவலை அச்சிட்டுவிட, யாருடையது முதலில் என்று பெரிய சண்டை. வகைநுண்கணிதம் வருவதற்கு முந்தைய காலம் அது, இப்போது நமக்கு மூன்று வரி.

சக்கரத்தின் ஆரம் 1 என்றால் எக்ஸ் = டி − சைன் டி, ஒய் = 1 − காஸ் டி, டி 0 முதல் 2π வரை ஒரு வளைவு. புள்ளி (0, 0)இல் புறப்பட்டு (2π, 0)இல் தரையைத் தொடுகிறது. அதாவது வளைவரை மூடவில்லை, தரைக்கோடு சேர்ந்தால்தான் பரப்பு அடைபடும். இங்கே தரைக்கோடு எக்ஸ் அச்சிலேயே இருக்கிறது, அதில் ஒய்யும் 0, ஒய்′உம் 0, அதனால் அதன் பங்கு 0. புள்ளி இடமிருந்து வலமாக மேலே போய் இறங்குகிறது, வலஞ்சுழி, எனவே ∫ ஒய்·எக்ஸ்′ மிகையாகவே வரும்:

∫ (1 − காஸ் டி)² = ∫ (1 − 2 காஸ் டி + காஸ்² டி) = 2π − 0 + π = 3π

சக்கரத்தின் பரப்பு π, வளைவின் பரப்பு 3π. சரிபார்க்க, வளைவைச் சுற்றி 2π அகலமும் 2 உயரமும் உள்ள செவ்வகம் போடுங்கள், பரப்பு 4π. அதில் முக்கால் பங்கு நிரம்புகிறது, படத்தைப் பார்த்தால் நம்பும்படி இருக்கிறது. இந்தச் செவ்வகச் சோதனையை எல்லாக் கணக்கிலும் செய்யுங்கள், அரை நிமிடம்தான் ஆகும், விடை செவ்வகத்தை விடப் பெரிதாக வந்தால் எங்கோ இரண்டு முறை சுற்றிவிட்டீர்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

இதே வளைவைத் தரையோடு சேர்த்து 5 அலகு மேலே தூக்கிவையுங்கள்: ஒய் = 6 − காஸ் டி. பரப்பு மாறக் கூடாது, ஆனால் ∫ ஒய்·எக்ஸ்′ இப்போது 13π என்று தரும், கீழே அச்சுவரை உள்ள 10π செவ்வகத்தையும் சேர்த்துக்கொண்டதால். பாதி வடிவத்தில் போட்டால் வளைவுக்கு −8π வரும், அதுவும் 3π இல்லை. காரணம் மூடாத வளைவரை. (2π, 5)இலிருந்து (0, 5)க்குத் திரும்பும் நேர்கோட்டையும் சேர்க்க வேண்டும். நேர்கோட்டுத் துண்டின் பங்குக்குத் தொகையீடே வேண்டாம், முதல் முனையின் எக்ஸ் தடவை இரண்டாம் முனையின் ஒய், அதிலிருந்து இரண்டாம் முனையின் எக்ஸ் தடவை முதல் முனையின் ஒய்யைக் கழித்துப் பாதி: ½(2π·5 − 0·5) = 5π. ஆக −8π + 5π = −3π. குறை என்பது வலஞ்சுழியைச் சொல்கிறது, அளவு 3π. மூடாத வளைவரை வந்தால் மூடும் கோட்டின் பங்கு 0 தானா என்று ஒரு முறை கேட்டுவிட்டு மேலே போங்கள்.

ஆஸ்ட்ராய்டு என்று நான்கு முனை நட்சத்திரம் ஒன்று உண்டு: எக்ஸ் = காஸ்³ டி, ஒய் = சைன்³ டி. வகையிட்டுப் போட்டால் எக்ஸ்·ஒய்′ = 3 சைன்² டி காஸ்⁴ டி, ஒய்·எக்ஸ்′ = −3 சைன்⁴ டி காஸ்² டி. கழிக்கும்போது காஸ்² + சைன்² சேர்ந்து 1 ஆகி, 3 சைன்² டி காஸ்² டி மட்டும் மிஞ்சும். அது ¾ சைன்² 2டி. 0 முதல் 2π வரை சைன்² 2டியின் தொகையீடு π, எனவே பரப்பு ½ × ¾ × π = 3π/8. ∫ எக்ஸ்·ஒய்′ மட்டும் எடுத்திருந்தால் நான்காம் அடுக்குக் காஸோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், விடை ஒன்றுதான்.

இதை ∫ ஒய்·எக்ஸ்′ வைத்து 'முதல் கால்பகுதியின் நான்கு மடங்கு' என்று போடுபவர்கள் கவனிக்க வேண்டியது எல்லையை. எக்ஸ் 0 முதல் 1 வரை போகும்போது டி π/2 இலிருந்து 0க்கு, பின்னோக்கி வருகிறது. 'சிறியது கீழே, பெரியது மேலே' என்று பழக்கத்தில் 0, π/2 என எழுதினால் குறை விடை வரும், பிறகு காரணம் புரியாமலே குறியை அழித்துவிடுவார்கள். இந்தக் கணக்கில் அது தப்பித்துக்கொள்ளும். பல துண்டுகளைக் கூட்டவும் கழிக்கவும் வேண்டிய கணக்கில் தப்பிக்காது.

இப்போது தன்னையே வெட்டும் வளைவரைகள். எக்ஸ் = டி², ஒய் = டி³ − 3டி. டி எல்லையில்லாமல் ஓடலாம், வளைவரை இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகும், ஆனால் நடுவில் ஒரு கண்ணி போடுகிறது, அந்தக் கண்ணியின் பரப்புதான் வேண்டும். கேள்வியில் எல்லை கொடுத்திருக்க மாட்டார்கள், நாம்தான் தேட வேண்டும். ஒரே புள்ளியில் இரண்டு வேறு டி மதிப்புகள் வர வேண்டும். எக்ஸ் ஒன்றாக இருக்க வேண்டுமானால் இரண்டு டிகளும் ஒன்றுக்கொன்று எதிர்மறை. ஒய்யும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் டியின் குறியை மாற்றினால் இந்த ஒய்யின் குறியும் மாறும், ஆகவே ஒய் 0 ஆக இருந்தாக வேண்டும்: டி³ = 3டி, டி = ±√3. வெட்டும் புள்ளி (3, 0). எல்லை −√3 முதல் √3 வரை.

∫ எக்ஸ்·ஒய்′ = ∫ (3டி⁴ − 3டி²) = 2 × (27√3/5 − 3√3) = 24√3/5

சுமார் 8.31. டி = −1 இல் புள்ளி (1, 2), டி = 0 இல் (0, 0), டி = 1 இல் (1, −2). வலது பக்கமிருந்து மேலே ஏறி, இடம் வந்து, கீழே போகிறது, இடஞ்சுழி, அதனால் மிகை. கண்ணி 3 அகலம், 4 உயரம், செவ்வகம் 12, அதற்குள் 8.31 அடங்குகிறது. இந்தக் கணக்கில் பெரிய வேலை வெட்டும் புள்ளியைக் கண்டுபிடித்ததுதான், தொகையீடு ஒரு வரிகூட இல்லை.

எட்டு வடிவத்தில் கதை வேறு. எக்ஸ் = சைன் டி, ஒய் = சைன் 2டி, 0 முதல் 2π வரை நேராகத் தொகையிட்டால் விடை 0. பரப்பு கண்ணுக்குத் தெரிகிறது, விடை 0 என்றால் எரிச்சல்தான் வரும். ஆனால் சூத்திரம் பொய் சொல்லவில்லை: வலது மடலில் புள்ளி வலஞ்சுழி, இடது மடலில் இடஞ்சுழி, இரண்டும் ஒரே அளவு, ஒன்றையொன்று தின்றுவிட்டன. நடுவில் ஆதிப்புள்ளியைக் கடக்கும் இடம் டி = π. எனவே 0 முதல் π வரை தனியாக:

∫ ஒய்·எக்ஸ்′ = ∫ 2 சைன் டி காஸ்² டி = 4/3

இரண்டு மடலும் சேர்த்து 8/3. குறியை அழிப்பதானால் ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியாக அழித்துவிட்டுக் கூட்டுங்கள், கூட்டிய பிறகு அழித்துப் பயனில்லை.

விடை 0 வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பரப்பே இல்லாமல் இருப்பது. எக்ஸ் = காஸ் டி, ஒய் = காஸ் 2டி என்பதைப் பாருங்கள், மூடிய வளைவரை போலத்தான் இருக்கும், ஆனால் புள்ளி ஒரு பரவளையத் துண்டின் மேல் போய்விட்டு அதே தடத்தில் திரும்பி வருகிறது. இதற்கு நேர்மாறாக எக்ஸ் = காஸ் 2டி, ஒய் = சைன் 2டி என்று கொடுத்து 0 முதல் 2π வரை போட்டால் ஓரலகு வட்டத்துக்கு 2π பரப்பு வரும், இரண்டு முறை சுற்றிவிட்டதால். 2π என்றால் ஒரு சுற்று என்று பழக்கத்தில் நம்பிவிடக் கூடாது.

கொஞ்சம் நுணுக்கமானது, ஒரே திசையில் இரண்டு முறை சூழும் வளைவரை. எக்ஸ் = (1 + 2 காஸ் டி) காஸ் டி, ஒய் = (1 + 2 காஸ் டி) சைன் டி. பெரிய கண்ணி ஒன்று, அதற்குள்ளே சின்னக் கண்ணி ஒன்று, லிமசான் என்று பெயர். பாதி வடிவத்தில் போட்டால் கோவை (1 + 2 காஸ் டி)² என்று சுருங்கும், முழுச் சுற்றுக்கு விடை 3π, அதாவது 9.42. இங்கே எதுவும் ஒன்றையொன்று தின்னவில்லை, இரண்டு கண்ணியும் இடஞ்சுழிதான். சிக்கல் என்னவென்றால் சின்னக் கண்ணிக்குள் இருக்கும் இடத்தைப் புள்ளி இரண்டு முறை சுற்றுகிறது, அதனால் அந்தப் பரப்பு இரண்டு முறை கூடியிருக்கிறது. 1 + 2 காஸ் டி = 0 ஆகும் இடங்கள் 2π/3, 4π/3. அவற்றுக்கு நடுவே தொகையிட்டால் சின்னக் கண்ணி மட்டும்: π − 3√3/2, சுமார் 0.54. வெளிக்கோட்டுக்குள் அடங்கிய மொத்தப் பரப்பு வேண்டுமானால் 3π இலிருந்து இதை ஒரு முறை கழியுங்கள், சுமார் 8.88. இரண்டு கண்ணிக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் வேண்டுமானால் இரண்டு முறை கழியுங்கள், π + 3√3, சுமார் 8.34. கேள்வி எதைக் கேட்கிறது என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள், 'சூழும் பரப்பு' என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

நடுவே ஒன்று, தேவையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆதிப்புள்ளியிலிருந்து துடைக்கும் பரப்பு என்றதும் கெப்ளரின் இரண்டாம் விதி ஞாபகம் வந்திருக்கும்: சூரியனிலிருந்து கோளுக்கு இழுத்த கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும். சூரியன் நீள்வட்டத்தின் குவியத்தில் இருக்கிறது, அதை ஆதியாக வைத்தால் எக்ஸ் = ஏ(காஸ் டி − இ), ஒய் = பி சைன் டி; ஏ, பி அரையச்சுகள், இ மையத்தொலைத்தகவு. பாதி வடிவத்தில் போடுங்கள், ½·ஏ·பி·(1 − இ காஸ் டி) என்று அழகாகச் சுருங்கும். 0 இலிருந்து டிவரை தொகையிட்டால் ½·ஏ·பி·(டி − இ சைன் டி). பரப்பு நேரத்தோடு சீராக வளர்கிறது என்பதால் அடைப்புக்குறிக்குள் இருப்பதும் நேரத்தோடு சீராக வளர வேண்டும், அதுதான் வானியலில் கெப்ளர் சமன்பாடு. இங்கே வளைவரை மூடவேயில்லை என்பதைக் கவனியுங்கள், நமக்கு வேண்டியதே துடைத்த பரப்பு என்பதால் பாதி வடிவம்தான் சரி, மற்ற இரண்டும் உதவாது.

தொகையிடவே முடியாத கோவை வந்தால், அல்லது சூத்திரமே இல்லாமல் வெறும் புள்ளிகள் மட்டும் இருந்தால், எண்களால் போட்டுவிடலாம். எக்செலில் முதல் நெடுவரிசையில் டி, அடுத்து எக்ஸ், ஒய். நான்காவதில், இந்த வரிசையின் எக்ஸ் தடவை அடுத்த வரிசையின் ஒய், கழித்தல் அடுத்த வரிசையின் எக்ஸ் தடவை இந்த வரிசையின் ஒய். எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்தப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்த பலகோணத்தின் பரப்பு. கடைசிப் புள்ளிக்கு அடுத்து முதல் புள்ளியை மீண்டும் ஒரு முறை எழுத மறக்காதீர்கள், மறந்தால் பலகோணம் மூடாது. பத்தாம் வகுப்பில் நாற்கரத்துக்கு நான்கு புள்ளிகளை எழுதி, முதல் புள்ளியை மறுபடியும் கடைசியில் எழுதிக் குறுக்கே பெருக்கினோமே, அதேதான். வளைவரையைத் தொட்டு ஓடும் முள்ளால் காகிதத்தில் உள்ள படத்தின் பரப்பை அளக்கும் பிளானிமீட்டர் என்ற கருவியும் (இதில் பரவலான வகையை யாகோப் ஆம்ஸ்லர் என்ற சுவிஸ் கணிதர் 1854இல் செய்தார்) இதே கணக்கைத்தான் இயந்திரமாகச் செய்கிறது. கல்லூரிப் பாடத்தில் இதெல்லாம் கிரீன் தேற்றம் என்ற தலைப்பில் வரும்.

எவ்வளவு துல்லியம் கிடைக்கும்? மேலே உள்ள நீள்வட்டத்தில் டியைச் சமமாகப் பிரித்து 12 புள்ளி எடுத்தால் பலகோணத்தின் பரப்பு மிகச்சரியாக 18. உண்மை 6π, அதாவது 18.85. 24 புள்ளி எடுத்தால் 18.63. புள்ளியை இரட்டிப்பாக்கினால் பிழை ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைகிறது, அதனால் இரண்டு முறை போட்டு ஒப்பிட்டாலே எங்கே போய் நிற்கும் என்று ஊகித்துவிடலாம்.

வகைக்கெழுக்கள் கையில் இருந்தால் பலகோணத்தை விட நல்ல வழி, எக்ஸ்·ஒய்′ − ஒய்·எக்ஸ்′ மதிப்பைச் சம இடைவெளி டிகளில் கண்டு சராசரி எடுத்து, அதை 2π ஆல் பெருக்கிப் பாதியாக்குவது. சைன், காஸ் கோவைகளுக்கு இது நம்பமுடியாத வேகத்தில் சரியாகிவிடும். ஆஸ்ட்ராய்டில் 3 புள்ளி எடுத்தாலே விடை மிகச்சரியாக 3π/8. ஆனால் 3 போதுமென்றால் 4 இன்னும் நல்லது என்று நினைத்து 0, π/2, π, 3π/2 என்று எடுத்தால் விடை 0, நான்கு புள்ளியும் நான்கு முனைகளில் போய் உட்கார்ந்துகொள்வதால். 5 எடுத்தால் மறுபடியும் சரி. எனவே வளைவரையின் சமச்சீரோடு பொருந்திப்போகும் எண்ணிக்கையைத் தவிர்த்துவிட்டு, 50, 51 என்று அடுத்தடுத்த இரண்டு எண்ணிக்கையில் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போனால் அந்த விடையை எழுதலாம்.